மேலே வீடு, கீழே பட்டறை



கிள்ளானில் படிவம் 4 பயின்ற என் மாணவர் ஒருவர் புத்தாக்கப் போட்டிக்காக ஒரு கருவி செய்யத் தொடங்கினார். மழைநீர்த் தொட்டியில் நீர்மட்டம் குறைந்தால் தானாகவே இயங்கும் சிறிய பம்பு அது. வரைபடம் அருமையாக இருந்தது. மின்சுற்றும் சரியாக வேலை செய்தது. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பலகைச் சட்டம் மட்டுமே பாக்கி.

அவருடைய வீடு அடுக்குமாடியில் எட்டாவது மாடி. பள்ளி முடிந்து, டியூசன் முடிந்து, இரவு 9 மணிக்கு டிரில் இயந்திரத்தைக் கையில் எடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அவர் மருத்துவமனையில் தாதி. விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட வேண்டியவர். "தம்பி, நான் நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"பள்ளியிலேயே செய்யலாமே" என்று நான் மாணவரிடம் சொன்னேன். பள்ளிப் பேருந்து மதியமே புறப்பட்டுவிடும் என்று அவர் பதில் சொன்ன பிறகுதான் என் யோசனையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. அந்தச் சட்டம் கடைசி வரை முடியவில்லை. அட்டைப்பெட்டியில் செய்த மாதிரியைத்தான் அவர் போட்டிக்குக் கொண்டுபோனார்.

இதில் யார் மீது தவறு? மாணவர் மீதும் இல்லை, தாதி மீதும் இல்லை. தூங்குவதற்கு மட்டும் கட்டப்பட்ட கட்டடத்தில் ஒருவர் வேலை செய்யப் பார்த்தார், அவ்வளவுதான். அப்படியானால், ஒரே கூரையின் கீழ் தூங்கவும் வேண்டும், கருவிகள் செய்யவும் வேண்டும் என்றால் அந்தக் கட்டடத்தை எப்படி அமைக்க வேண்டும்? இந்த வாரப் பாடம் இதுதான். நீங்கள் படிக்கும் ஒலி, வெப்பம், காற்று, எரிதல் ஆகிய நான்கும் இதில் வருகின்றன.

நம் ஊரின் பழைய விடை

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கோலாலம்பூரின் பழைய தெருக்களிலும் நடந்தால் அதைப் பார்க்கலாம். கீழே கடை அல்லது பட்டறை, மேலே வீடு. நாம் கடைவீடு என்று சொல்வது இதைத்தான். தையற்காரர், பொற்கொல்லர், தச்சர், பூமாலை கட்டுபவர் எனப் பலரும் கீழே வேலை செய்து மேலே குடியிருந்தார்கள்.

கோலாலம்பூரின் செங்கல் கடைவீடுகளுக்குப் பின்னால் ஒரு பேரிடர் இருக்கிறது. அந்நாளில் நகரத்தின் வீடுகள் பெரும்பாலும் பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்த தீ நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884 முதல் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று விதித்தார். அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? சீனர்களின் காப்பித்தானான யாப் ஆ லோய் நகரத்துக்குத் தெற்கே சூளைகளை ஏற்படுத்தினார். அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரின் பொருளே செங்கல் வயல்கள் என்பதுதான். பிறகு அங்கே ரயில்வே ஊழியர்களுக்கான குடியிருப்புகள் எழுந்தன. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் அங்கே வாழ்ந்தவர்கள்.

கடைவீட்டின் அமைப்பைக் கவனியுங்கள். அகலம் பெரும்பாலும் 6, 7 மீட்டர்தான். சுவருக்குச் சுவர் போடும் மர உத்திரத்தின் நீளமே அந்த அகலத்தை முடிவு செய்தது. நீளமோ அகலத்தைப் போலப் பல மடங்கு. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் பொதுவாக ஒரு தடித்த செங்கல் சுவர். வீட்டின் நடுவே வானத்தைப் பார்த்தபடி ஒரு திறந்த முற்றம். முன்புறம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஐந்தடி நடைபாதை, பேச்சுவழக்கில் 'அஞ்சடி'. இந்த நடைபாதையை ராபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கான நகரத் திட்டத்தில் வலியுறுத்தினார். பிறகு அது மலாயா நகரங்களுக்கும் பரவியது.

என் தாத்தாவும் கிள்ளானில் இப்படி ஒரு கடைவீட்டில் இருந்த நகைப் பத்தர். சுத்தியல் தட்டும் ஓசையைக் கேட்டபடியே தூங்கிப் பழகியதாக அப்பா சொல்வார். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொல்வார். தாத்தா பழைய நகைகளை நைட்ரிக் அமிலத்தில் இட்டுச் சுத்தம் செய்யும் நாள்களில், மேல்மாடியில் எல்லாருக்கும் கண் எரியுமாம். அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும்போது நைட்ரஜன் டையாக்சைடு என்ற பழுப்பு நிற நச்சு வாயு வெளியேறும். அது காற்றைவிட அடர்த்தியானது. ஆனாலும் உலையின் சூடான காற்றோடு கலந்து, முற்றத்தின் வழியாகவும் படிக்கட்டின் வழியாகவும் மேலே போய்விடும்.

ஆகவே கடைவீட்டை நாம் போற்றவும் வேண்டும், அதன் குறையைப் பார்க்கவும் வேண்டும். பக்கத்து வீட்டுத் தீயை அதன் செங்கல் சுவர் தடுத்தது. உள்ளே இருந்த வெப்பத்தை முற்றம் வெளியேற்றியது. ஆனால் கீழே எழும் ஓசை, புகை, தூசி ஆகிய மூன்றும் பலகைத் தளத்தையும் படிக்கட்டையும் தாண்டி மேலே போயின. காரணம் எளிது. இவை ஒவ்வொன்றும் ஒரு வழியில் பயணம் செய்கின்றன. கடைவீடு சில வழிகளை அடைத்தது, சில வழிகளைத் திறந்தே விட்டது.

பட்டறையும் வீடும் சேர்ந்த கட்டடத்தை வடிவமைப்பதன் அடிப்படை இதுதான்: தொல்லை எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடி, அந்த வழியை வெட்டு.

ஓசை போகும் வழி

முதலில் டெசிபெல் அளவை நினைவுபடுத்திக்கொள்வோம். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்கு. 50 கூடினால் 1,00,000 மடங்கு. படுக்கையறையில் இரவில் ஒலி 30 டெசிபெலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். டிரில் இயந்திரத்தின் அருகில் ஒலி ஏறக்குறைய 90 டெசிபெல் இருக்கும். மரம் அறுக்கும் வட்ட ரம்பம் என்றால் 100கூட ஆகும்.

சுவர் எப்படி ஒலியைத் தடுக்கிறது? ஒலி அலை சுவரை அசைத்துப் பார்க்கிறது. சுவர் கனமாக இருந்தால் குறைவாகவே அசையும். நிறை இரட்டிப்பானால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். 150 மில்லிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் தளத்தின் ஒரு சதுர மீட்டருக்கு நிறை சுமார் 360 கிலோ. இது காற்று வழியாக வரும் ஒலியை ஏறக்குறைய 50 டெசிபெல் குறைக்கும். 90இலிருந்து 50ஐக் கழித்தால் 40. பகலில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இரவில் தூங்குபவருக்கு இது கேட்கும்.

இப்போது ஒரு கணக்கு. 10 சதுர மீட்டர் பரப்புள்ள சுவர், 50 டெசிபெல் தடுப்பு. அதில் ஒரு கதவு. கதவுக்கு அடியில் 1 மீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இடைவெளி. தடுப்பு எவ்வளவு குறையும்?

இடைவெளியின் பரப்பு 0.01 சதுர மீட்டர். அதாவது சுவரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுவர் ஒலியாற்றலில் 1,00,000இல் ஒரு பங்கைத்தான் விடும். இடைவெளியோ தன் மீது விழும் ஒலி முழுவதையும் விட்டுவிடும். ஆகவே மொத்தத்தில் ஏறக்குறைய 1,000இல் ஒரு பங்கு ஒலியாற்றல் வெளியேறும். 1,000 மடங்கு என்றால் 30 டெசிபெல். விரல் நுழையும் அளவு இடைவெளி ஒன்று, 50 டெசிபெல் சுவரை 30 டெசிபெல் சுவராக்கிவிட்டது!

சுவரை இரு மடங்கு தடிப்பாகக் கட்டி 6 டெசிபெல் சம்பாதிப்பதைவிட, கதவுக்கு அடியில் ரப்பர்ப் பட்டை ஒட்டினால் அதிகப் பயன் கிடைக்கும். இதற்கு ஆகும் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் நம் மாணவரின் வீட்டில் நடந்தது வேறு. அவர் பலகையைத் தரையில் வைத்துத் துளையிட்டார். அதிர்வு நேராகக் கான்கிரீட்டுக்குள் இறங்கியது. காற்றில் ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். கான்கிரீட்டில் 3,000 மீட்டருக்கும் மேல் போகும். அதோடு வழியில் பெரிதாகக் குறைவதும் இல்லை. கீழ்வீட்டின் கூரை முழுவதும் ஒரு ஒலிபெருக்கியைப் போல அதிர்ந்தது. இங்கே கனமான தளம் போதாது. அதிர்வுக்கும் தளத்துக்கும் இடையே மென்மையான ஒன்று வேண்டும்.

இயந்திரத்துக்கு அடியில் வைக்கும் ரப்பரோ சுருள்வில்லோ இந்த வேலையைச் செய்யும். ஆனால் ஏதோ ஒரு ரப்பர் போதாது. ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் அதன் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். சுருள்வில்லின் மேல் நிற்கும் இயந்திரத்துக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது 25 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு அதிர்வு கூடிவிடும். அது 8 ஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்ந்திருந்தால், தளத்துக்குப் போகும் அதிர்வு விசை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். அதற்கு இயந்திரத்தின் எடையால் சுருள்வில் சுமார் 4 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அமுங்காத கடினமான ரப்பர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீண்தான்.

காஞ்சிபுரம் நெசவாளர்கள் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். அங்கே தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தரையில் குழி வெட்டி, அதில் காலை வைத்து மிதித்து நெய்யும் குழித்தறி பல வீடுகளில் உண்டு. தறி மண்ணிலேயே ஊன்றியிருப்பதால் அதன் அடி மண்ணுக்குள் இறங்கிவிடும். அதிர்வதற்குக் கீழே வேறு தளம் கிடையாது. கனமான இயந்திரங்களைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

தூசி போகும் வழி

தூசி கீழேதானே விழும், மேல்மாடிக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம். துகளின் அளவைப் பொறுத்தது அது. அசையாத காற்றில், நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரோமீட்டர் துகள் 2 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சுமார் 11 நிமிடம் ஆகும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். அதாவது 1 மைக்ரோமீட்டர் துகள் தரையைத் தொடச் சுமார் 18 மணி நேரம்!

மாலை 6 மணிக்கு மரத்தைத் தேய்த்துவிட்டு, தரையைப் பெருக்கி, விளக்கை அணைத்துவிட்டுப் போனாலும் மறுநாள் காலையில் அந்த நுண்தூசி காற்றில்தான் இருக்கும். நுரையீரலின் ஆழத்துக்குப் போவதும் இந்த நுண்தூசிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. சாலிடர் செய்யும்போது எழும் பிசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. லேசர் வெட்டும் இயந்திரத்தில் பிவிசி தகட்டை வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஆகவே அதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

கடைவீட்டின் முற்றம் இங்கே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே எழும். அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீடு குளிர்ச்சியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கீழே நச்சுப் புகை இருந்தால் அதே முற்றம் அதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நன்மை செய்த வழியும் தீமை செய்த வழியும் ஒன்றே.

ஆகவே புதிய கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு காற்று வழி, பட்டறைக்கு வேறொரு காற்று வழி. பட்டறைக் காற்றை ஒரு விசிறி உறிஞ்சி, வடிகட்டி, தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே விட வேண்டும். விசிறி உறிஞ்சும் அளவு, உள்ளே வரும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போது பட்டறையின் காற்றழுத்தம் நடைவழியைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கும். கதவைத் திறந்தால் காற்று நடைவழியிலிருந்து பட்டறைக்குள் போகும். தூசி வெளியே வராது. மருத்துவமனைகளில் தொற்றுநோயாளிகளின் அறைகளை அமைப்பதும் இதே முறையில்தான்.

தீ போகும் வழி

எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தீ. பட்டறையில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. மரத்தூள், சாயம், எண்ணெய் துடைத்த துணி, சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரி எல்லாம் அங்கே இருக்கும். ஆளி விதை எண்ணெய் ஊறிய துணியைக் குவித்து வைத்தால், ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட வேண்டும் என்பது இதனால்தான்.

1884இன் செங்கல் விதி, தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுத்தது. கீழிருந்து மேலே போவதைத் தடுக்கவில்லை. தளமும் படிக்கட்டும் பலகை. படிக்கட்டு இருக்கும் இடம் புகைபோக்கியைப் போலச் செயல்படும். மேலே இருப்பவர் இறங்க வேண்டிய வழியும் புகை ஏறும் வழியும் ஒன்றாகிவிடும். பழைய கடைவீடுகளில் தீ விபத்து நடந்தால் மேல்மாடியில் இருப்பவர்கள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான் அதிகம்.

இன்றைய மலேசியாவில், 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் இதைக் கவனிக்கின்றன. ஒரே கட்டடத்தில் வெவ்வேறு நோக்கத்துக்குப் பயன்படும் பகுதிகளைத் தீயைத் தடுக்கும் சுவராலும் தளத்தாலும் பிரிக்க வேண்டும் என்பது அதன் விதி. எனவே பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே கான்கிரீட் தளம் வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு வேண்டும். வீடுகளுக்குப் போகும் படிக்கட்டு பட்டறைக்குள் நுழையாமல் நேராக வெளியே இறங்க வேண்டும். பட்டறைக்கே இரண்டு வாசல்கள் வேண்டும். ஒரு வாசலைத் தீ மறித்தாலும் இன்னொன்று இருக்கும்.

ஏன் பொதுப் பட்டறை?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டறை வைக்க முடியாது. வைக்கவும் தேவையில்லை. 100 குடும்பங்கள் உள்ள அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் அரை மணி நேரம் டிரில் இயந்திரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கொன்று வாங்கினால் ஒவ்வொரு இயந்திரமும் 167.5 மணி நேரம் அலமாரியில் தூங்கும். எல்லாருக்கும் சேர்த்துத் தேவைப்படுவது வாரத்துக்கு 50 மணி நேரம்தான். பொதுப் பட்டறை வாரத்தில் 60 மணி நேரம் திறந்திருந்தால், கணக்குப்படி ஒரே ஒரு இயந்திரம் போதும். வார இறுதிக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று வைக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு வீடு தனியாக வாங்க முடியாத தையல் இயந்திரம், கடைசல் இயந்திரம், முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் வாங்கலாம்.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெர்ஷன்பெல்ட், யார் வேண்டுமானாலும் வந்து பொருள்களைச் செய்யும் 'பேப் லேப்' என்ற பட்டறைகளைத் தொடங்கினார். எம்ஐடிக்கு வெளியே அமைந்த முதல் பேப் லேப்களில் ஒன்று, 2002இல் இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் உள்ள பாபல் கிராமத்தில் உருவானது. விஞ்ஞான் ஆசிரமம் என்ற கல்வி நிறுவனம் அதை நடத்துகிறது. பெரிய நகரம்கூட இல்லை, கிராமம்!

கோலாலம்பூரிலும் கம்போங் அத்தாப்பில் சொங்ஷான் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. 1950களில் எழுந்த கடைவீட்டு வரிசை அது. இன்று ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கிறார்கள். கடைவீட்டின் பட்டறைப் பாதி அங்கே உயிர் பெற்றிருக்கிறது. வீட்டுப் பாதியையும் சேர்ப்பதுதான் அடுத்த வேலை.

ஒரு கட்டடம் வரைவோம்

இப்போது தாளும் பென்சிலும் எடுங்கள். கிள்ளானில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றை நாம் வடிவமைக்கப் போகிறோம்.

1. பட்டறை தரைத்தளத்தில், மண்ணின் மீது. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைக்குக் கணக்கிடப்படுகின்றன. இயந்திரப் பட்டறைக்கு அதைவிடச் சில மடங்கு தேவை. பட்டறைத் தளத்துக்கும் கட்டடத்தின் தூண்களுக்கும் நடுவே ஒரு வெட்டு விட்டு ரப்பரால் நிரப்புங்கள். அதிர்வு தூண் வழியாக ஏற முடியாது.

2. கிள்ளான் என்றதும் வெள்ளத்தையும் நினைக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆகவே மின் இணைப்புகள் சுவரின் உயரத்தில் இருக்கட்டும். மோட்டார்கள் மேடையின் மேல் நிற்கட்டும்.

3. பட்டறைக்கு நேர் மேலே படுக்கையறை வேண்டாம். முதல் மாடியில் மண்டபம், படிப்பகம், சலவை அறை வையுங்கள். அந்த மாடி முழுவதும் ஒரு தலையணையாகப் பயன்படும். வீடுகள் இரண்டாம் மாடியிலிருந்து தொடங்கட்டும்.

4. பட்டறைக்குள் ரம்பமும் கடைசல் இயந்திரமும் நடுவில் உள்ள தனி அறையில். தையல், மின்னணுவியல் போன்ற அமைதியான வேலைகள் அதைச் சுற்றி. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். ஒன்று திறக்கும்போது மற்றொன்று மூடியிருக்கும்.

5. தூசி உறிஞ்சும் குழாய், எந்த வீட்டுச் சன்னலுக்கும் அருகில் போகாமல் நேராகக் கூரைக்கு மேல்.

6. இரண்டு வாசல்கள். வீட்டுப் படிக்கட்டு தனியாக.

7. தெருப் பக்கம் அஞ்சடியும், திறக்க முடியாத பெரிய கண்ணாடிச் சன்னலும். நடந்து போகும் சிறுவர்கள் உள்ளே நடப்பதைப் பார்க்கட்டும். தாத்தா காலத்துக் கடைவீட்டில் பிள்ளைகள் தொழிலைக் கற்றது பார்த்துப் பார்த்துத்தான்.

8. கடைசியாக, கடிகாரம். 100 டெசிபெல் ரம்பத்தை இரவில் மறைக்கக்கூடிய சுவருக்கு அதிகச் செலவாகும். ஆகவே இரவு 7 மணிக்கு மேல் சத்தமான இயந்திரங்களுக்கு மின்சாரம் தானாக நின்றுவிடட்டும். சாலிடரிங், தையல், ஒட்டும் வேலைகள் 10 மணி வரை தொடரலாம். பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் பட்டறை திறக்கக் கூடாது.

புதிய கட்டடம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? இல்லை. பல அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் பயன்படாத கடைகளும், வாரம் ஒருமுறை திறக்கும் மண்டபங்களும் உள்ளன. மேலே சொன்ன எட்டில் எத்தனையை அங்கே செய்ய முடியும் என்று பாருங்கள். செய்ய முடியாததையும் எழுதுங்கள். குடியிருப்பு நிர்வாகத்திடம் பேசும்போது "எங்களுக்குப் பட்டறை வேண்டும்" என்று மட்டும் சொன்னால் "சத்தம் வரும், தீப்பிடிக்கும்" என்று பதில் வரும். அவர்களின் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு எண்களோடு பதில் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.

செய்து பாருங்கள்

சோதனை 1: கைப்பேசியை அதிர்வு நிலையில் வைத்து, வெறும் மேசையில் இடுங்கள். வேறொருவரை அழைக்கச் சொல்லுங்கள். மேசையின் மறுமுனையில் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு கைப்பேசிக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டை, மடித்த துண்டு, பாத்திரம் துலக்கும் பஞ்சு என ஒவ்வொன்றாக வைத்துத் திரும்பச் செய்யுங்கள். எது அதிகம் அமுங்குகிறது? எது அதிகம் அடக்குகிறது?

சோதனை 2: அலாரம் அடிக்கும் கைப்பேசியைப் பிஸ்கட் தகரடப்பாவில், துண்டின் மேல் வைத்து மூடுங்கள். இன்னொரு கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியைக் கொண்டு ஒலியை அளவிடுங்கள். பிறகு மூடியின் ஓரத்தில் ஒரு பென்சிலைச் செருகித் திரும்ப அளவிடுங்கள். பென்சில் அளவு இடைவெளி எத்தனை டெசிபெலைக் கூட்டியது?

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. 10 சதுர மீட்டர் சுவரில் 0.1 சதுர மீட்டர் காற்றோட்டத் துளை இருந்தால், 50 டெசிபெல் தடுப்பு எவ்வளவாகக் குறையும்?

2. கடைவீட்டு முற்றத்தில் பகலில் மேலே எழும் காற்று, மழை பெய்த இரவில் என்ன செய்யும்?

3. பட்டறைக் காற்றழுத்தம் நடைவழியைவிட அதிகமாக இருந்தால் என்ன நடக்கும்?

4. உங்கள் குடியிருப்பில் பட்டறைக்கு ஏற்ற இடம் எது? ஓசை, தூசி, தீ ஆகிய மூன்றின் வழிகளையும் அம்புக்குறியால் வரைந்து காட்டுங்கள்.

(முதல் கேள்விக்கு விடை: சுமார் 20 டெசிபெல். நூறில் ஒரு பங்கு பரப்பு திறந்திருப்பதால் ஒலியாற்றலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வெளியேறும்.)

அந்த மாணவர் இப்போது படிவம் 5. நான்காவது கேள்வியை முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். தன் குடியிருப்பின் தரைத்தளத்தை அளந்து வரைந்து கொண்டுவந்தார். அம்புக்குறிகளை வரைய அவருக்கு உதவியவர் யார் தெரியுமா? கீழ்வீட்டுத் தாதி அக்கா. படுக்கையறை எங்கே இருக்கக் கூடாது என்று அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?